காவலுக்கு நிறுத்து

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு வேண்டாம். ஜன்னல் சீட்டுச் சண்டையை விலக்கி விட்டே என் பாதி ஆயுசு போயிருச்சு. அதுல எனக்கு இனிமே ஒரு ஆசையும் கிடையாது.

மதுரைக்கா? நானும் மதுரைதான். அப்ப ஒரு மணி நேரம் இருக்கு. உங்ககிட்ட ஒரு நியாயம் கேக்கணும். கம்ப்யூட்டர் பையெல்லாம் வச்சிருக்கீங்க, உங்களுக்குத் தெரியும். இந்தப் பேப்பரைப் பாருங்க. இந்தப் பக்கம் 'நிறை'ன்னு போட்டிருக்கு. அந்தப் பக்கம் 'குறை'ன்னு போட்டிருக்கு. என்னன்னு நினைக்கிறீங்க, மாப்பிள்ளை பாத்த லிஸ்ட்டா? இல்ல சார். இது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. பேரு 'கருங்கோட்டை'. ஆடிட்டு நிறைகுறையை எழுதிக் குடுங்க அண்ணாச்சின்னு குடுத்தான் எங்க மாடி வீட்டு ரிச்சர்டு. நானும் உண்மையா ஆடி உண்மையா எழுதினேன். அதுல ஒரு குறையை மட்டும் அவன் ஒத்துக்கிட மாட்டேங்கிறான். யாரு பக்கம் நியாயம்னு நீங்கதான் சொல்லணும்.

ரிச்சர்டு யாருன்னா, சென்னையில ஒரு கம்பெனியில நல்ல வேலையில இருந்த பய. அதை விட்டுட்டு விருதுநகருக்கு வந்து, எங்க மாடியில கதவைச் சாத்திக்கிட்டு, நாலு வருசமா ஒத்தை ஆளா இதைச் செஞ்சிருக்கான். படம் வரையறதும் அவன், கதை எழுதறதும் அவன், மேளம் அடிக்கிறதும் அவன். பேய் கத்துற சத்தம் கூட அவன் தொண்டைதான். முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு, ஆளுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு செண்பகத்துக்கிட்டச் சொல்லிக் கசாயம் போட்டு மேல குடுத்து விட்டேன்.

செண்பகம்னா என் வீட்டுக்காரி. இப்ப மதுரையில அவ தங்கச்சி வீட்ல இருக்கா. கோவிச்சுக்கிட்டுப் போய் ரெண்டு மாசம் ஆச்சு. இன்னைக்கு அவளைத்தான் பாக்கப் போறேன். எங்கூடத் திரும்பி வருவாளா மாட்டாளான்னு தெரியாது. அது வேற கதை. நீங்க விளையாட்டைக் கேளுங்க.

ரிச்சர்டுக்கு, விளையாட்டே தெரியாத ஒருத்தரு ஆடிப் பாக்கணுமாம். "தெரிஞ்சவங்க எல்லாம் ஒரே மாதிரி ஆடுறாங்க அண்ணாச்சி. நீங்க எப்படி ஆடுறீங்கன்னு பாக்கணும்"னான். எனக்கும் ஆனி மாசம் வண்டிக்கு ஓட்டம் இல்ல. வீட்லயும் ஆள் இல்ல. காலையில பத்து மணிக்கு மேல ஏறினா சாயங்காலம்தான் இறங்குவேன்.

நான் என்ன தொழில்னு சொல்லலையே. தனுஷ்கோடி யாத்திரை சர்வீஸ். தனுஷ்கோடிங்கிறது ஊரு இல்ல சார், நான்தான். எங்கப்பா வச்ச பேரு. இருபத்திரெண்டு வருசமா காசி, ராமேஸ்வரம், நவக்கிரகம், அறுபடைவீடு, எல்லாம் நம்ம வண்டிதான்.

இப்ப விளையாட்டு என்னன்னா, நாலு பேரு உள்ள ஒரு குழு. நாமதான் தலைவர். நமக்குக் கீழ மூணு பேரு. உக்கிரன்னு ஒரு வாள்காரன், தொடை ஒவ்வொண்ணும் உரல் மாதிரி இருக்கும். செவ்வந்தின்னு வில்லு வச்ச ஒரு பொண்ணு. வேம்பின்னு ஒரு வைத்தியக்காரி, நடுத்தர வயசு, இடுப்புல பச்சிலை மூட்டை. இந்த மூணு பேரையும் கூட்டிட்டு அஞ்சு குகைக்குள்ள போய் அஞ்சு சாவி எடுத்துட்டு வந்து, கடைசியில கருங்கோட்டையைத் திறக்கணும். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஏலே, இது என் பொழைப்புல்ல! முப்பத்தெட்டு பேரை வச்சுக்கிட்டு நான் செய்றதை, மூணு பேரை வச்சுக்கிட்டு நீ எனக்கே பூச்சாண்டி காட்டுறியான்னேன்.

முதல்ல நிறையைச் சொல்லிடுறேன். ஓரவஞ்சனை பண்ணக் கூடாதுல்ல.

சண்டை இருக்கு பாருங்க, அது கண்டபடி அடிச்சுக்கிடுறது இல்ல. முறை வச்சு அடிக்கணும். நாம ஒரு தடவை, அவன் ஒரு தடவை. நம்ம முறை வந்துட்டா, அந்த ராட்சசன், பனைமர உசரம் சார், கையை ஓங்கினபடியே நிக்கிறான். நான் கீழ போய்க் குளிச்சு, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டு வந்து பாத்தேன். அப்படியே நிக்கிறான். இந்த ஒழுங்கை எந்த டோல்கேட்ல பாத்திருக்கீங்க நீங்க?

அப்புறம், ஆளுங்க தங்கமான ஆளுங்க. முப்பது நாள் நடக்கிறாங்க, ஒருத்தருக்கு வாந்தி இல்ல, மயக்கம் இல்ல. எங்க ரூம்ல வெந்நி வரலன்னு ஒரு குரல்? ம்ஹூம். படமும் நல்லா இருக்குன்னு சொன்னாங்க. நான் அதை அவ்வளவாப் பாக்கல. எழுதி வச்சிருக்கேன், 'படம் நன்று'ன்னு.

குறைன்னு பாத்தா, அந்த நாட்டுல எங்க தேடியும் ஒரு கக்கூஸ் இல்ல. அஞ்சு குகை, மூணு கிராமம், ஒரு கோட்டை, ஒண்ணுத்துலயும் இல்ல! குழுவுல ரெண்டு பொம்பளைங்க இருக்காங்க. எங்க தொழில்ல முதல் கேள்வியே அதுதான். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல அண்ணாச்சி"ங்கிறான் ரிச்சர்டு. கேட்டிருக்கணும்ல?

அடுத்த குறை, பேச்சு. குழு ஒரு இடத்துல தங்கி, தீ மூட்டி உக்காந்துட்டாப் போதும், ஆளாளுக்குப் பேச ஆரம்பிச்சிருவாங்க. உக்கிரனுக்கு அம்மா இல்ல. செவ்வந்திக்கு என்னமோ கனவு. வேம்பி என்னமோ சொல்லுவா. நல்லவேளை, ஒரு பட்டனை அமுக்குனாப் பேச்சு ஓடிரும். அந்தப் பட்டன்ல வச்ச கட்டைவிரலை நான் எடுக்கவே இல்ல. தூக்கமும் அப்படித்தான். எட்டு மணி நேரம் தூங்கணும்னு காட்டும். நான் நாலு மணி நேரத்துல எழுப்பி விட்டுருவேன். நம்ம வண்டியில காலையில நாலு மணிக்கு விசில் அடிச்சிருவோம், அதே பழக்கம்.

இப்ப விசயத்துக்கு வர்றேன்.

முதல் குகை வாசல்ல போய் நின்னோம். என் கண்ணு எங்க போச்சு? குழுவோட சாமான் மூட்டை மேல. அதுல கயிறு, தீப்பந்தம், இருபத்தாறு ரொட்டி. அம்புட்டையும் சுமந்துக்கிட்டா உள்ள போவாங்க? தேடிப் பாத்தேன். கீழ ஓரத்துல ஒரு பட்டன் இருந்துச்சு. 'காவலுக்கு நிறுத்து.' அடடான்னுட்டேன். ரிச்சர்டு மேல எனக்கு மரியாதை வந்ததே அப்பதான்.

எங்க யாத்திரையில அதான் சார் முறை. கோயில் வாசல் வந்துட்டா முப்பத்தெட்டு பேரும் செருப்பை ஒரே இடத்துல கழட்டிப் போட்டுட்டு உள்ள போயிரணும். செருப்பு ஸ்டாண்டுல வரிசையில நின்னு டோக்கன் வாங்கி, திரும்ப வந்து வரிசையில நின்னு டோக்கனைக் குடுத்து... அரை மணி நேரம் அதுலயே போயிரும். அதுக்குப் பதிலா ஒரு ஆளு செருப்புக்கும் பைக்கும் காவல். அந்த ஆளு செண்பகம். இருபத்திரெண்டு வருசத்துல ஒரு செருப்பு காணாமப் போனதில்ல சார், ஒரு ஜோடி! வேற எந்த யாத்திரைக்காரனையாவது இதைச் சொல்லச் சொல்லுங்க பாப்போம். காசியில இருந்து கன்னியாகுமரி வரைக்கும் அவ உக்காராத கோயில் வாசல் கிடையாது. எம்புட்டுப் புண்ணியம்!

அதனால குகை வாசல்ல யாரை நிறுத்தறதுன்னு நான் யோசிக்கவே இல்ல. உக்கிரன் வெட்டணும். செவ்வந்தி எய்யணும். மருந்து போடறவளுக்கு உள்ள என்ன வேலை? வேம்பியை நிறுத்திட்டேன்.

உள்ள சரியான அடி. உக்கிரனுக்கு ரத்தம் கொட்டுது. உடனே ரெண்டு பேரையும் வெளிய கூட்டிட்டு வந்து, வாசல்ல வேம்பிக்கிட்ட மருந்து போட்டுக்கிட்டு, மறுபடி உள்ள போனோம். மறுபடி அடி. மறுபடி வாசல். பதினேழு தடவை. சாவி கிடைச்சிருச்சு! ரிச்சர்டு பின்னாடி நின்னு பாத்துட்டுத் தலையில கையை வச்சுக்கிட்டான். "வைத்தியக்காரி கூட வராம முதல் குகையை இதுவரைக்கும் யாரும் தாண்டினதில்ல அண்ணாச்சி"ன்னான். அனுபவம்னு ஒண்ணு இருக்குல்லன்னேன்.

ஒவ்வொருத்தர் முகத்துக்குக் கீழயும் ஒரு கோடு இருக்கும் சார். 'மனசு'ன்னு போட்டிருக்கும். உக்கிரனுக்குப் பச்சை, செவ்வந்திக்கு மஞ்சள். வேம்பிக்கு ரெண்டாவது குகையிலயே சிவப்பாயிருச்சு. காய்ச்சல் போலன்னு நினைச்சேன். வைத்தியக்காரிதான, தானே பாத்துக்கிடுவான்னு விட்டுட்டேன்.

ஒவ்வொரு தடவை நாங்க வெளிய வர்றப்பவும் அவ ஒண்ணு கேப்பா. கீழ எழுத்துல வரும். 'உள்ள என்ன இருந்துச்சு?' நான் பட்டனை அமுக்கிருவேன். செண்பகமும் ஆரம்பத்துல இப்படித்தான் கேப்பா. "உள்ள சாமிதான் இருக்கு, வேற என்ன இருக்கும், ஏறு வண்டியில"ம்பேன். ஒரு அஞ்சாறு வருசத்துல அவளே கேக்கறதை விட்டுட்டா. பரவாயில்ல, தொழில் புரிஞ்சிருச்சுன்னு நினைச்சேன்.

நாலாவது குகையிலதான் மோசம் போனேன். அந்தக் குகைக்கு ரெண்டு வாசல். உள்ள போன வாசல் ஒண்ணு, வெளிய வந்தது மலைக்கு அந்தப் பக்கம். சாவி கிடைச்ச சந்தோசத்துல நாங்க மூணு பேரும் விறுவிறுன்னு அடுத்த ஊருக்கு நடந்துட்டோம். அதுவரைக்கும் தொடாத ரொட்டியை எடுக்கலாம்னு மூட்டையைத் தேடுறேன், காணோம். அப்ப நடுவுல ஒரு எழுத்து வருது. 'வேம்பி குழுவை விட்டு விலகினாள்.'

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம்! விறுவிறுன்னு ரிச்சர்டுக்கிட்டப் போனேன். அவன் பூரி தின்னுக்கிட்டு இருந்தான்.

"என்னய்யா உன் விளையாட்டு? குழுவுல இருக்கிற ஆளு சொல்லாமக் கொள்ளாம மூட்டையைத் தூக்கிட்டுப் போறா?"

"அண்ணாச்சி, அந்த அம்மாவைப் பதினோரு நாளு வாசல்ல நிக்க வச்சிருக்கீங்க."

"காவலுக்கு நிறுத்துன்னு பட்டன் வச்சது நீதான?"

"அது கூடாரத்துல தங்குறப்ப ஆளு மாத்தி ஆளு கொஞ்ச நேரம் முழிச்சிருக்கறதுக்கு. ஒரு அஞ்சு நிமிசத்துக்கு மேல அதை யாரும் பயன்படுத்தினதே இல்ல."

"சரி, என் குழுவுல என்ன குறைஞ்சுச்சு? மூணு பேரு உள்ள போனோம், மூணு பேரு வெளிய வந்தோம்."

"மொத்தம் நாலு பேரு அண்ணாச்சி."

"உள்ள போனது மூணு பேருடா!"

தலை எண்ணுறதுக்கு எனக்கே பாடம் நடத்துறான் பாத்தீங்களா? அந்த விசயத்துல நான் தப்பே பண்ண மாட்டேன் சார். அன்னைக்கு மதுரையிலயும் தலை சரியாத்தான் இருந்துச்சு. அது வேற கதை.

சரி, கேட்டுட்டீங்க, சொல்லிடுறேன். சித்திரை மாசம். முப்பத்தெட்டு பேரு. மதுரைக் கோயில்ல கிழக்கு வாசல் வழியா உள்ள போனோம். வழக்கம்போல செண்பகம் வாசல்ல, செருப்புக்குக் காவல். சரியான கூட்டம். மேற்கு வாசல் வழியா வெளிய வர்ற மாதிரி ஆயிருச்சு. வண்டியும் அந்தப் பக்கம்தான் நின்னுச்சு. டிரைவர் காசிமாயனைக் கூப்பிட்டு, ஆட்டோவுல போய்ச் செருப்பை அள்ளிட்டு வான்னேன். ரெண்டு சாக்குல அள்ளிட்டு வந்துட்டாரு. எல்லாரும் போட்டுக்கிட்டாங்க. கடைசியில ஒரு ஜோடி மிஞ்சுது. நீல ரப்பர் செருப்பு, ஒரு பக்கம் வாரு அந்து ஊக்கு குத்தியிருக்கு. பஸ்ஸுக்குள்ள தூக்கிக் காட்டி "யாருதுங்க இது, யாருதுங்க"ன்னு கேட்டேன். யாரும் வாயைத் திறக்கல. யாரோ ரெண்டு ஜோடி கொண்டாந்திருக்கு, இப்படிக் கொண்டாந்தா வண்டி தாங்குமான்னு ஒரு சத்தம் போட்டுட்டு, சீட்டுக்கு அடியில தள்ளி விட்டேன்.

அப்புறம் தலை எண்ணினோம். நம்ம வண்டியில நான் எண்ண மாட்டேன். ஆளுக்கு ஒரு நம்பரு, அவங்கவங்க சத்தமாச் சொல்லணும். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வந்து முப்பத்தெட்டுல முடிஞ்சுச்சு. விசில் அடிச்சேன். வண்டி கிளம்பிருச்சு.

செண்பகத்துக்கு நம்பர் கிடையாது சார். டிரைவரு, நான், அவ, நாங்க மூணு பேரும் எண்ணிக்கையில வர மாட்டோம். நம்ம ஆளுங்கதான?

மானாமதுரை தாண்டி ஒரு புளியமரத்தடியில வண்டியை நிறுத்தி, தக்காளி சாதத்தை இறக்கினோம். "செண்பகம், தட்டை எடு"ன்னேன். தட்டு வரல. மறுபடி கூப்பிட்டேன். அப்பதான் தெரியுது.

பூக்காரம்மாக்கிட்டச் செருப்பைப் பாத்துக்கச் சொல்லிட்டு பாத்ரூம் போயிருக்கா. அந்த நேரம் பாத்துத்தான் காசிமாயன் வந்து அள்ளியிருக்காரு, அவ எங்கூட இருப்பான்னு நினைச்சுட்டாரு. திரும்பி வந்து பாத்தா செருப்பும் இல்ல, நாங்களும் இல்ல. போனும் பணமும் வண்டியில இருக்கிற பையில. 'நான் வர்ற வரைக்கும் இடத்தை விட்டு நகரக் கூடாது'ன்னு நான் எப்பவோ சொல்லி வச்சிருக்கேன். அதனால நகரல. ரெண்டரை மணி நேரம் அங்கயே நின்னிருக்கா. சொன்ன சொல்லு மீறாத ஆளு சார் அவ. நான் உடனே அவ தங்கச்சி மல்லிகாவுக்குப் போன் போட்டு, போய்க் கூட்டிட்டுப் போன்னுட்டேன். முப்பத்தெட்டு பேருக்கு ராமேஸ்வரத்துல ரூம் போட்டிருக்கு, வண்டியைத் திருப்ப முடியுமா? யாத்திரை முடிஞ்சு நாலாம் நாள் கூப்பிடப் போனா, வர மாட்டேன்னுட்டா. ஏன்னு கேட்டேனா? கேக்கல. கோவம் தன்னால இறங்கும்னு இருந்துட்டேன்.

விளையாட்டுக்கு வர்றேன். ரிச்சர்டுக்கிட்ட ஒரே வார்த்தை சொன்னேன். குழுவுல சேந்த ஆளு தன் இஷ்டத்துக்குப் போக முடியாதபடி பண்ணு, இதான் பெரிய குறைன்னேன். முடியாதுன்னுட்டான். "அவங்க எங்கயோதான் இருக்காங்க. போய்த் தேடுங்க"ன்னுட்டு அடுத்த பூரியை எடுத்தான்.

தேடினேன் சார். உக்கிரனையும் செவ்வந்தியையும் கூட்டிக்கிட்டு மூணு கிராமம் அலைஞ்சேன். மூணாவது கிராமத்துல ஆத்தங்கரையில ஒரு வீடு. வாசல்ல உக்காந்து இலை ஆஞ்சுக்கிட்டு இருக்கா. பக்கத்துல போனதும், நான் என்ன பேசணும்னு மூணு வரி வருது. முதல் வரி, 'கிளம்பு, நேரமாச்சு.' ரெண்டாவது, 'மூட்டை எங்க?' மூணாவது, 'என்ன நடந்துச்சுன்னு சொல்லு.'

நான் எதை அமுக்கியிருப்பேன்? முதல் வரிதான். அவ எந்திரிச்சு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. விட்ட இடத்துல இருந்து மறுபடி ஆடலாம்ல, ஆடினேன். இந்தத் தடவை ரெண்டாவது வரி. மூட்டையைத் தூக்கி என் காலடியில போட்டுட்டுக் கதவைச் சாத்திக்கிட்டா. சரி, என்ன போச்சு என்ன இருக்குன்னு மூட்டையைப் பிரிச்சுப் பாத்தேன். கயிறு இருக்கு. பந்தம் இருக்கு. ரொட்டி இருபத்தாறும் இருக்கு.

இருபத்தாறும் இருக்கு சார். பதினோரு நாளு அந்த வாசல்ல நின்னவ, அதுல ஒரு ரொட்டியை எடுத்துத் தின்னல.

எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. விளையாட்டுதான், எனக்கும் தெரியும். இருந்தாலும் மறுபடி ஒரு தடவை எண்ணிப் பாத்தேன்.

அப்புறம்தான் மூணாவது வரியை அமுக்கினேன். அவ பேச ஆரம்பிச்சா. என் கட்டைவிரலு பழக்கத்துல பட்டனை அமுக்கிருச்சு. உடனே நிறுத்திட்டா. 'கேக்க இஷ்டம் இல்லன்னா போங்க.' மறுபடி முதல்ல இருந்து. இந்தத் தடவை கையை எடுத்துத் தொடைக்கு அடியில வச்சு அதும் மேல உக்காந்துக்கிட்டேன். பதினேழு பக்கம் பேசினா சார். எந்தக் குகை வாசல்ல எப்ப வெயில் வரும், நிழல் எந்தப் பக்கமா நகரும், உள்ள இருந்து சத்தம் வந்தா அது என்னவா இருக்கும்னு நினைச்சுக்கிட்டு நின்னது, எல்லாம். கடைசியில மறுபடி அதே கேள்வி. 'உள்ள என்ன இருந்துச்சு?' இந்தத் தடவை பட்டன் இல்ல. கட்டம் போட்டு விட்டுட்டான், நானே எழுதணும்.

எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. ரிச்சர்டைக் கூப்பிட்டு, குகைக்குள்ள என்னடா வச்சிருக்கன்னு கேட்டேன். அவன் மொகமே செத்துப் போச்சு. "மூணாவது குகையில சுவரு பூரா மயிலு அண்ணாச்சி. எட்டு மாசம் வரைஞ்சேன். ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. பாக்கலையா?"

நான் எங்க பாத்தேன்? செவ்வந்தி பின்னாடி வர்றாளான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு உண்மையைச் சொல்றேன், வெளிய சொல்லாதீங்க. காசியில இருபது தடவை உள்ள போயிருக்கேன், சாமி மொகம் ஞாபகம் இல்ல. ஆளுங்க தலைதான் ஞாபகம் இருக்கு.

'தெரியாது'ன்னு எழுதினேன். வேம்பி சிரிச்சா. ரிச்சர்டு என்னமா வரைஞ்சிருக்கான் அந்தச் சிரிப்பை! கிளம்பி வந்துட்டா. ஆனா அஞ்சாவது குகை வாசல்ல நின்னுக்கிட்டு என்ன சொல்றா தெரியுமா? 'நீங்க இங்க நில்லுங்க. நாங்க பாத்துட்டு வர்றோம்.' மூணு பேரும் உள்ள போயிட்டாங்க. நான் மட்டும் வாசல்ல, மூட்டையோட.

எந்தப் பட்டனை அமுக்கினாலும் ஒண்ணும் நடக்கல. பெட்டி கெட்டுப் போச்சுன்னு ரிச்சர்டைக் கூப்பிட்டேன். "கெடல அண்ணாச்சி. காத்திருக்கணும்"னான். எம்புட்டு நேரம்? "தெரியாது." ஒரு மணி நாப்பது நிமிசம் சார்! உக்கார ஒரு கல்லு கூட வரைஞ்சு வைக்கல அந்தப் பய. நிழல் மட்டும் மெதுவா நகருது. ஒரு கட்டத்துல பயம் வந்துருச்சு. "ஏண்டா, அவ திரும்பி வராமப் போறதும் உண்டா?"ன்னு கேட்டேன். "உண்டு. அப்படியும் ஒரு முடிவு எழுதி வச்சிருக்கேன்"னான். "எப்ப அது வரும்?" "நீங்க இதுக்கு முன்னாடி எப்படி ஆடினீங்கங்கிறதைப் பொறுத்து"ன்னான்.

வந்தா. நல்லவேளை, வந்துட்டா.

திருமங்கலம் தாண்டிட்டோமா? சரி, முடிச்சிடுறேன்.

நேத்து கீழ இறங்கி வந்ததும் செண்பகத்துக்குப் போன் போட்டேன். வாய்ல 'எப்ப வர்ற'ங்கிறதுதான் வந்துச்சு. முழுங்கிட்டு, "அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லு"ன்னேன். பேசினா. நாப்பத்தெட்டு நிமிசம். கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள்ள வச்சுக்கிட்டேன் சார், ஒரு வார்த்தை குறுக்க பேசல. கடைசியில ஒண்ணு கேட்டா.

"என் செருப்பு எங்க?"

எந்தச் செருப்புன்னேன். "நீல ரப்பர் செருப்பு. ஊக்கு குத்தினது"ன்னா.

அந்த ஊக்கு நான் குத்துனது சார். திருச்செந்தூர்ல வாரு அந்து போச்சுன்னு சொன்னா, புதுசு அப்புறம் வாங்கிக்கிடலாம்னு என் சட்டைப்பையில கிடந்த ஊக்கை எடுத்து நானே குத்திக் குடுத்தேன். அதைத்தான் பஸ் பூரா தூக்கிக் காட்டி யாருதுன்னு கேட்டிருக்கேன். வாரு மறுபடி அந்துரும்னு அதையும் அங்கயே விட்டுட்டுத்தான் பாத்ரூம் போயிருக்கா. சித்திரை வெயில்ல, அந்தக் கல்லு தரையில, வெறுங்காலோட ரெண்டரை மணி நேரம். எனக்கு அழுகை வந்துருச்சு. போன்ல அவளுக்குக் கேட்டுச்சோ என்னமோ.

அவதான் பேசினா. "நாளைக்கு நானும் மல்லிகாவும் கோயிலுக்குள்ள போறோம். எல்லாத்தையும் பொறுமையாப் பாக்கப் போறோம். வர்றதா இருந்தா வந்து வாசல்ல நின்னு எங்க செருப்பைப் பாத்துக்கங்க. எப்ப வருவேன், எந்த வாசல் வழியா வருவேன்னு எல்லாம் எனக்குத் தெரியாது"ன்னா. வச்சுட்டா.

அதான் போறேன். பயமாத்தான் இருக்கு. அந்தக் கோயிலுக்கு நாலு வாசல் சார். எந்தப் பக்கம் வேணாலும் வெளிய வந்து அப்படியே போயிரலாம். ஆனா நான் கிழக்கு வாசல்லதான் நிப்பேன், அவ நின்ன அதே இடம். நகர மாட்டேன். சீட்டுக்கு அடியில தேடி அந்தச் செருப்பை எடுத்துட்டேன். இந்தா இந்தப் பையிலதான் இருக்கு. ஊக்கைக் கழட்டிட்டு வாரு மாத்தி, கழுவிக் கொண்டாந்திருக்கேன்.

நியாயம் கேட்டேனே, மறந்துட்டேன். ஆளு தன் இஷ்டத்துக்குப் போயிடுறாங்கிற குறையை நேத்தே அடிச்சுட்டேன். பாருங்க, கோடு போட்டிருக்கேன். அதுக்குப் பதிலா இதை எழுதியிருக்கேன். 'வாசல்ல நிக்கிறவங்களுக்கு உக்கார ஒரு கல்லு வேணும்.' அதை ரிச்சர்டு ஒத்துக்கிட மாட்டேங்கிறான். "அதுக்கு முன்னாடி நாலு குகை வாசல்லயும் கல்லு இல்ல அண்ணாச்சி, அப்ப நீங்க ஏன் கேக்கல?"ங்கிறான். இது என்ன சார் கேள்வி? நீங்களே சொல்லுங்க.

மாட்டுத்தாவணி வந்துருச்சு. இறங்குவோம், இறங்குவோம், பாத்து. சார், ஒரு நிமிசம். அந்தக் கடையில ஒரு தண்ணி பாட்டில் வாங்கிட்டு வந்துடுறேன். அதுவரைக்கும் இந்தப் பையை மட்டும் கொஞ்சம் பாத்துக்கிட்டு நில்...

இல்ல. வேண்டாம் சார். நீங்க போங்க. நானே வச்சுக்கிடுறேன்.